மேலடுக்கின் சூடு

ஜூன் 11, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்திருக்கிறது. நிராகரிக்கவில்லை, ஒரே ஒரு சோதனையை மட்டும் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மதிப்பீட்டாளர்கள் மூன்று பேரில் இரண்டு பேர் தலையாட்டிவிட்டார்கள். மூன்றாமவர், பெயர் தெரியாத மகராசன், ஒரு கேள்வி போட்டிருக்கிறார்: இரண்டு வகைச் செடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளர்த்து, ஒரே நாளில் விதை எடுத்துப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. அதாவது தவமணி பார்க்கவில்லை. கட்டுரை அவருடையது. நான் அதே ஆய்வகத்தில் வேறு வேலை செய்கிறவள். ஆனால் தவமணி இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ரத்தப் புற்றுநோய் என்று போன மாதம் சொன்னார்கள். எங்கள் ஆய்வு வழிகாட்டி வேதநாயகம் சார் என்னைக் கூப்பிட்டு, "ரமீஜா, நீ செஞ்சு குடுத்துடும்மா. கட்டுரை வந்தாத்தான் அவன் தீசிஸ் குடுக்க முடியும்" என்றார். எங்கள் பல்கலைக்கழகத்தில் விதி அப்படி. கட்டுரை இல்லாமல் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லாமல் பட்டம் இல்லை.

சரி என்றேன். ஏழு வருஷமாகப் பக்கத்து மேஜை. இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

ஜூன் 13

விதைத்தாயிற்று. கடுகு இனத்துச் செடிதான், ஆனால் விதை கடுகில் பாதிக்குப் பாதிகூட இராது. தும்மினால் ஒரு மாத வேலை பறந்துவிடும். பல்குச்சி நுனியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து வைத்தேன். ஒயில்ட் ஒரு தொட்டி, மியூட்டன்ட் ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி, எல்லாம் ஒரே அடுக்கில். ஒயில்ட் என்றால் இயல்பான செடி. மியூட்டன்ட் என்பதில் தவமணியின் புரதம் இல்லை. (அவருடைய உடம்பில் உள்ள புரதம் இல்லை. அவர் கட்டிக்கொண்டு அழும் புரதம்.)

சாயங்காலம் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

"எந்த அடுக்குல வெச்சிருக்கீங்க?"

"நடுவுல."

"மேல வைங்க ரமீஜா. கீழ, நடுவுல எல்லாம் வெச்சா போறவன் வர்றவன் பையால இடிச்சுத் தள்ளிருவான்."

"மேல இவ்வளவு தொட்டிக்கு இடம் இல்ல. நான் காவல் இருக்கேன், போதுமா?"

போதும் என்றார். காவல் இருக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இனி தினமும் ஒன்பது மணிக்கே போக வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலை விஷயமாகத்தான். முளைகளின் படத்தைப் போனில் காட்ட வேண்டியிருந்தது.

அவர் இருக்கும் வார்டுக்குள் பூ, பழம், செடி, மண் எதையும் விடமாட்டார்கள். முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். எனக்கு அது பழக்கம்தான். ஆர்.என்.ஏ.வை வெறுங்கையால் தொட்டால் நம் வியர்வை பட்டே சிதைந்துபோகும். அதனால் ஏழு வருஷமாகப் பகல் பூராவும் கையுறையோடுதான் இருக்கிறேன். தவமணி என்னைப் பார்த்ததும், "என்னையும் சாம்பிள் ஆக்கிட்டாங்க பாருங்க" என்றார்.

கூட இருந்து பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா பேச்சியம்மாள். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். என்னை வராந்தாவில் உட்காரவைத்து, பிளாஸ்க்கில் இருந்து காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா ரமீஜா, அந்த விதையில அப்படி என்னத்தத்தேன் பாக்குறீக, ஏழு வருசமா?"

சொன்னேன். காய்ந்த விதைக்குள் ஏற்கெனவே செய்தி எழுதியாகிவிட்டது. விதை தாய்ச்செடியில் முற்றும்போதே எழுதப்பட்டுவிடுகிறது: இப்படி வேர் விடு, இப்படித் தண்டு விடு என்று. அந்தச் செய்திதான் ஆர்.என்.ஏ. சில புரதங்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கெட்டுப்போகவும் விடுவதில்லை, படிக்கவும் விடுவதில்லை. ஈரம் பட்டு, காலமும் சரியாக இருந்தால் பிடியை விடும். அப்போது விதை படித்துவிட்டு முளைக்கும். புதிதாகப் பறித்த விதைக்குத் தண்ணீர் காட்டினாலும் முளைக்காது. சில வாரம் தூங்கியே தீரும். அப்படித் தூங்கவைப்பது இந்த ஒரு புரதம்தான் என்பது தவமணியின் கட்டுரை. அது இல்லாத செடியின் விதை பறித்த கையோடு முளைத்தது.

அக்கா யோசித்தார். "ரேசன் கடைக்காரன் மாதிரி. உள்ள அரிசி இருக்கும், போட மாட்டான்."

உள்ளே போய் தவமணியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்து, இருமி, நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பும்படி ஆகிவிட்டது.

ஜூலை 3

இலைகள் வந்துவிட்டன. உம்மா போன் செய்து துபாய் மாப்பிள்ளை பற்றிப் பேசினார். கையில் இருக்கும் வேலை முடியட்டும் என்றேன். அது யாருடைய வேலை என்று உம்மா கேட்கவில்லை, நல்லவேளை.

ஜூலை 21, ஞாயிறு

தவமணிக்குத் தலைமுடி முழுதும் போய்விட்டது. "இப்பத்தான் பேராசிரியர் களை வந்திருக்கு" என்றேன். என் வாயில் சனி. ஆனால் அவருக்குச் சந்தோஷம். அக்கா மாத்திரை வாங்கப் போயிருந்தார். தவமணி கட்டில் கம்பியைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"இங்க தினம் பத்து டாக்டர் வர்றாங்க. எல்லாரையும் டாக்டர், டாக்டர்னு கூப்பிடுறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவங்க என்னை டாக்டர்னு கூப்பிடணும். வேற ஆசை ஒண்ணும் இல்ல. செடி எப்படி இருக்கு?"

"பூ விட்டிருச்சு."

"சீக்கிரம் காய்க்கச் சொல்லுங்க."

சிகிச்சைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். டாக்டர்கள் மாதக் கணக்கில்தான் பேசுகிறார்களாம். பேருந்தில் வரும்போது, காய் முற்ற எத்தனை வாரம் என்று விரல் விட்டு எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். செடி எனக்காக அவசரப்படாது.

ஆகஸ்ட் 12, பக்ரீத்

ஊருக்குப் போகவில்லை. பேருந்தில் கூட்டம் என்று உம்மாவிடம் சொன்னேன். லீவு நாளில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. காய்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கின்றன.

ஆகஸ்ட் 24, சனி

எல்லாத் தொட்டியிலும் ஒரே நாளில் விதை எடுத்தேன். டீ வடிகட்டியில் சலித்து, உமி ஊதி, ஈரத்தாள் விரித்த தட்டுகளில் அன்றைக்கே போட்டுவிட்டேன். தட்டுக்கு ஐம்பது விதை. ஒயில்டுக்கு ஆறு தட்டு, மியூட்டன்டுக்கு ஆறு தட்டு.

நான் எல்லாத் தொழுகையும் தவறாமல் தொழுகிறவள் இல்லை. இன்றைக்குத் தொழுதேன்.

ஆகஸ்ட் 27

மியூட்டன்ட் முளைக்கவில்லை.

ஒயில்டும் முளைக்கவில்லை. அது முளைக்காது, அது இயல்பு. ஆனால் மியூட்டன்ட் இந்நேரம் வெள்ளை வேரை நீட்டியிருக்க வேண்டும். தவமணியின் பழைய சோதனையில் மூன்றாம் நாளே தட்டு முழுக்க முளைத்திருந்தது. நான் எண்ணிய ஆறு தட்டிலும் சேர்த்து ஏழோ எட்டோதான். ஒயில்டிலும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டும் ஒரே மாதிரி தூங்குகின்றன.

அவர் போன் வந்தது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28

இன்றும் அப்படியே. தண்ணீர் போதவில்லையோ, விளக்கு சரியில்லையோ, தட்டின் பெயர்ச்சீட்டு மாறிவிட்டதோ என்று எல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றும் மாறவில்லை.

இன்று போனை எடுத்தேன். "எத்தனை முளைச்சிருக்கு?" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"மியூட்டன்ட் நல்லா வந்திருக்கு. முக்கால்வாசி" என்றேன். "ஒயில்ட் ஒண்ணுகூட இல்ல."

அக்காவிடம் அவர் கத்துவது கேட்டது: "அக்கா, முளைச்சிருச்சு!"

ஆகஸ்ட் 30

இன்றும் சொன்னேன். மியூட்டன்ட் கூடிக்கொண்டே போகிறது, ஒயில்ட் இன்னும் பூஜ்யம்தான் என்று.  பொய் சரளமாக வருகிறது. அவர் மூன்று இட்லி சாப்பிட்டாராம், அக்கா சொன்னார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

போனில் பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஒயில்ட் இன்னிக்கு எவ்வளவு?"

"ஒண்ணும் இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

"முந்தாநாள்?"

"இல்லங்கறேன்ல."

  மெதுவாகச் சொன்னார்: "முந்நூறு விதை. ஒண்ணுகூடவா எட்டிப் பாக்கல? ரமீஜா, எந்தத் தட்டுலயும் ஒரு கிறுக்கு விதை இருக்கும். மத்ததெல்லாம் தூங்கும்போது அது மட்டும் எந்திரிச்சு நிக்கும். அந்தக் கிறுக்கு இல்லாத எண்ணை நான் பார்த்ததே இல்ல. ஒரு நாள்னா நம்பலாம். தினமும் பூஜ்யமா?"

 தெரிந்த விஷயம்தானே. எத்தனை தட்டு எண்ணியிருக்கிறேன். பொய் சொல்கிறவளுக்குக் கொஞ்சமாவது அழுக்குச் சேர்த்துச் சொல்லத் தெரிய வேண்டாமா.

"முளைக்கல, அப்படித்தானே? ரெண்டுமே."

"ரெண்டுமே."

"நீ எங்கிட்டப் பொய் சொல்லாத. யாரு வேணா சொல்லட்டும், இங்க எல்லாரும் சொல்றாங்க, ரிப்போர்ட் நல்லா இருக்கு, முகம் தெளிஞ்சிருக்குன்னு. நீ சொல்லாத."

ஏழு வருஷத்தில் முதல் 'நீ'. கோபத்தில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 2

காலையில் அவரே போன் செய்தார். மறுபடி 'நீங்க'.

"நீங்க எண்ணினது சரின்னா, எனக்கு ஏன் முளைச்சுச்சு? ராத்திரி பூரா அதேதான் ஓடுது. நான் மியூட்டன்ட எங்க வெச்சேன், ஒயில்ட எங்க வெச்சேன்?"

"மியூட்டன்ட் மேலடுக்கு. ஒயில்ட் கீழடுக்கு."

"போய் மேலடுக்கைத் தொட்டுப் பாருங்க."

ஸ்டூல் போட்டு ஏறினேன். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைப் பலகையில் வைத்தேன். சூடு. நடு அடுக்குக்கான டியூப் லைட்டுகளை மேலடுக்கின் அடியில்தான் திருகியிருக்கிறார்கள். பழைய காலத்து சோக்குகள், ராவும் பகலும் எரிகின்றன. நடு அடுக்கின் அடியில் இருப்பது புது எல்.இ.டி. விளக்கு, அது சுடவில்லை. கீழடுக்குக்கு அடியில் விளக்கே இல்லை, சிமெண்ட் தரை, சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நாலு டிகிரி வித்தியாசம்.

விதை முற்றும்போது தாய்ச்செடி வெதுவெதுப்பில் இருந்தால் விதையின் தூக்கம் லேசாகிவிடும். குளிர்ச்சியில் இருந்தால் ஆழமாகத் தூங்கும். இது நாங்கள் எல்லோரும் படித்ததுதான். அவருடைய விதைகள் சீக்கிரம் எழுந்ததற்குப் புரதம் இல்லாதது காரணம் இல்லை. சூடு காரணம். சரிபார்க்க இன்னும் இரண்டு மாதம் செடி வளர்க்க வேண்டும். ஆனால் டிகிரியைச் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பத்திரமா இருக்கட்டும்னுதான் மேல வெச்சேன்" என்றார். "நீங்கள்லாம் இடிச்சுருவீங்கன்னு."

சிரிக்கிறார் என்று நினைத்தேன். அழுதார். நானும் ஸ்டூல் மேல் உட்கார்ந்து அழுதேன். எங்கள் ஆய்வகத்தில் யாராவது ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தத் தொட்டிகளை இடித்துத் தள்ளியிருக்கக் கூடாதா.

செப்டம்பர் 9, திங்கள்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடச் சொல்லிவிட்டார் தவமணி. சாரிடம் போய்ச் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கடைசி ஒரு சோதனைதானம்மா. பழைய எண்ணையும் புதுசையும் சேர்த்துச் சராசரி போட்டா கொஞ்சம் வித்தியாசம் நிக்கும். கேட்டதுக்குப் பதில் குடுத்த மாதிரி ஆயிடும். பையன் உசிரோட இருக்கும்போதே..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி, எழுந்துபோய் வாஷ்பேசினில் முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு வந்து, "நான் சொன்னத மறந்துடு" என்றார்.

பிறகு இருவரும் சேர்ந்து கடிதம் எழுதினோம். நான் டைப் செய்ய, அவர் வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். புரதம் ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பது உண்மை, அதில் சந்தேகம் இல்லை. விதையைத் தூங்கவைப்பது அதுதான் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. அனுப்பு என்ற பொத்தானை சார் அழுத்த மாட்டேன் என்றுவிட்டார். நான்தான் அழுத்தினேன். பட்டம் போயிற்று.

செப்டம்பர் 15, ஞாயிறு

தவமணி எலும்பும் தோலுமாக இருக்கிறார். ஆனால் முகத்தில் ஒரு அமைதி. திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன்.

"பிடிக்குதுங்கறது உண்மை. எதுக்காகப் பிடிக்குதுன்னுதான் தெரியல" என்றார். "அதை நீங்க கண்டுபிடிங்க. என் பேரக்கூடப் போட வேணாம்."

"போடாம விடுவேனா? முதல் பேரே உங்களுதுதான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடுத்த ஞாயிறும் வருவீங்களா? இனிமேல்தான் சோதனை ஒண்ணும் இல்லையே."

"இருக்கே. தூக்கம் எப்பக் கலையுதுன்னு வாராவாரம் எண்ணணும்ல? வந்து சொல்றேன்."

"ஓ. ஆமாம்ல" என்றார்.

அதற்கப்புறம் விதையைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை.

அக்டோபர் 6

இரண்டு வகையும் இப்போது பாதிக்கு மேல் முளைக்கின்றன, ஒன்றுபோலவே. தூக்கம் தெளிந்துவிட்டது. தவமணியிடம் நேரில் சொல்ல முடியவில்லை. காய்ச்சல், நுரையீரலில் கிருமி. போன ஞாயிறும் உள்ளே விடவில்லை, இன்றும் விடவில்லை. அக்காவிடம் எண்களைச் சொல்லி, அவரிடம் சொல்லச் சொன்னேன். கிறுக்கு விதைகளையும் விடாமல் சொன்னேன்.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று காலை தவமணி இறந்துவிட்டார்.

அக்டோபர் 19

ஆய்வகத்திலிருந்து வேன் வைத்து அவருடைய ஊருக்குப் போனோம். பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். சார் மாலை போட்டார். எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்த்தோம். என் முறை வந்தபோது பின்னால் கூட்டம் நெருக்கியது, நகர்ந்துவிட்டேன். சொந்தக்காரப் பெண்கள் அவருடைய கையையும் காலையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். யாரும் கையுறை போட்டிருக்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் யாரோ பாட்டுப் போடப்போய், சார் அதட்டினார்.

அக்டோபர் 23

தட்டுகளைக் கழுவிவைத்தேன். உம்மா மறுபடியும் போன் செய்தார். வேலை முடிந்துவிட்டதா என்றார். முடிந்துவிட்டது என்றேன்.

அக்டோபர் 30, புதன்

அக்கா பேசினார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போஸ்டர் அடிக்கிறார்களாம்.

"பேருக்கு முன்னாடி முனைவர்னு போடச் சொல்றாக எங்க வீட்டுக்காரரு. போடலாம்லம்மா? அம்புட்டுப் படிச்சான். ஊருக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது?"

அக்காவுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடலாம் என்று நாக்குவரை வந்தது. "போடாதீங்கக்கா" என்றேன். "அவரா வேண்டாம்னு விட்டது."

அக்கா விசும்பினார். பிறகு, "சரித்தா. வெறும் பேரே இருக்கட்டும். அதுவும் நல்ல பேருதான்" என்றார்.

போனை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இன்னொண்ணு. கோவிச்சுக்கிறக் கூடாது. கடைசி வாரம் அவன் எங்கிட்ட ஒண்ணு கேட்டான். 'அக்கா, ரமீஜா இங்க வர்றது விதைக்காகவா, எனக்காகவா? நீ கேட்டுச் சொல்லு'ன்னான். உங்ககிட்ட எப்படிக் கேக்குறது, வேற சாதி சனம், கல்யாணத்துக்கு இருக்குற புள்ள. நான் கேக்கல. மறுநாளும் கேட்டான். 'விதைக்காகத்தேன்டா, அந்தப் புள்ளைக்கு வேலைன்னா உசிரு'ன்னு நானே சொல்லிப்புட்டேன். சரின்னு திரும்பிப் படுத்துக்கிட்டான். அதுலருந்து எனக்கு மனசு கெடந்து அடிக்குது. நான் சொன்னது சரித்தானம்மா?"

அவருக்காகத்தான் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் அவருக்காகத்தான் போனேன். இதை இங்கே எழுதவே இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

மறுமுனையில் அக்கா காத்திருந்தார். வருஷக் கணக்காகத் தம்பியைச் சுமந்தவர், உண்மையைச் சொன்னால் இனி இதையும் சுமக்க வேண்டும்.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்கக்கா" என்றேன்.

"அப்பாடா" என்றார் அக்கா. காரியத்துக்குக் கட்டாயம் வரச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.